தடுப்புப் பராமரிப்பா, முன்பேணலா?

வீதி, பாலம், மதகு, வடிகான், பம்ப் ஹவுஸ், தெருவிளக்கு எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் ஏற்றி வைக்கிற காலம் இது. மென்பொருளோடு அதன் தமிழும் வந்து சேர்ந்திருக்கிறது: "தடுப்புப் பராமரிப்பு தேவைகளை அமைத்தல் மற்றும் கண்காணித்தல்". பழுதாகுமுன்பே காலம் குறித்துச் செய்கிற வேலைக்குத்தான் இந்தப் பெயர். பயிற்சி வகுப்பிலும் இதுதான், கையேட்டிலும் இதுதான், விலைமனுப் பத்திரத்திலும் இதுதான். திருகோணமலையில் ஒருவரிடம் "தடுப்பு" என்று சொல்லிப் பாருங்கள். முதலில் தடுப்பூசி ஞாபகம் வரும். இல்லையென்றால் தடுப்புக்காவல். "தடுப்பில இருந்து வந்தவர்" என்றால் இங்கே யாரும் விளக்கம் கேட்பதில்லை. வீதி வேலை செய்கிறவருக்கு வளைவில் நிற்கிற இரும்புத் தடுப்பு. ஜெனரேற்றருக்கு ஒயில் மாற்றுகிற வேலை ஒருவருக்கும் ஞாபகம் வராது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் அது பிரிவென்ரிவ் மெயின்ரனன்ஸ். முதற்சொல் இலத்தீனில் பிரே, வெனீரே என்ற இரண்டின் சேர்க்கை: முன், வா. முந்திக்கொண்டு வருவது என்பதுதான் அடிப்பொருள்; மறித்து நிறுத்துவது பின்னால் ஒட்டிக்கொண்ட பொருள். மெயின்ரனன்ஸ் "கையில் பிடித்திருத்தல்" என்பதிலிருந்து வந்தது. நம்முடைய பராமரிப்பு வடமொழிப் பராமர்சத்தின் வழி. அதன் வேரும் தொடுதல், தடவுதல்தான். தொட்டுப் பார்ப்பது ஆராய்வதாகி, பிறகு கவனித்துக்கொள்வதாகிவிட்டது. ஆகவே பராமரிப்போடு எனக்குச் சண்டை இல்லை. வடமொழி என்பதற்காக அதைத் துரத்தத் தேவையும் இல்லை. சண்டை முழுவதும் தடுப்போடுதான்.

முதலாவது, இலக்கணக் குழப்பம். அணைப் பராமரிப்பு என்றால் அணையைப் பராமரிப்பது. வீதிப் பராமரிப்பு என்றால் வீதியைப் பராமரிப்பது. அப்படியானால் தடுப்புப் பராமரிப்பு? தடுப்பைப் பராமரிப்பது என்றுதான் தமிழ்க்காது எடுத்துக்கொள்ளும். வீதிச் சொத்துப் பட்டியலில் உண்மையாகவே தடுப்புகள் இருக்கின்றன: பாலத்து ஓரத் தடுப்பு, மண்சரியாமல் கட்டிய தடுப்புச் சுவர், தடுப்பணை. 2009ல் திறந்த கிண்ணியாப் பாலத்தைப் பட்டியலில் தெரிவுசெய்து, பக்கத்தில் "தடுப்புப் பராமரிப்பு" என்று வைத்தால், பதிகிறவர் கைபிடி வேலியின் துருவைப் பற்றி எழுதுவார். பாலத்துக்கு வேண்டியது விரிவு மூட்டுக்குள் (வெயிலில் தளம் விரிய விட்ட இடைவெளிக்குள்) இறுகிய மணலை எடுப்பது, நீர் வடிகிற குழாய் வாயைத் திறந்து விடுவது, தளத்தைச் சுமக்கிற தாங்கிகளைப் பார்ப்பது. அவை கண்ணில் படாமல் போகும். போதாக்குறைக்கு அதே திரையில் ஒரு வேலையை நிறுத்தி வைக்கிற பொத்தானுக்கும் "தடு" என்றே பெயர் வைத்திருப்பார்கள்.

இரண்டாவது, கருத்துப் பிழை. இது எனக்குப் பெரிதாகப்படுகிறது. இந்த வேலை எதையும் தடுப்பதில்லை. கிறீஸ் வைத்தாலும் பெயரிங் ஒரு நாள் தேயும். உப்புக்காற்றில் துத்தநாகம் பூசிய கம்பமும் ஒரு நாள் துருப்பிடிக்கும். நாம் செய்வது, பழுது வருவதற்கு முன்னால் போய் நிற்பது. தடுப்பு என்று பெயர் வைத்தால், ஒரு பம்ப் நின்றவுடன் "தடுப்புத் தவறிவிட்டது" என்று யாரையாவது குற்றம் சொல்லத் தோன்றும். கேட்கவேண்டிய கேள்வி வேறு: எவ்வளவு முன்னால் போனோம், போதுமா?

மென்பொருளில் இருக்கிற கட்டம் ஒவ்வொன்றும் இந்த "முன்" என்ற சொல்லுக்குத்தான் எண் கேட்கிறது. பம்ப் ஹவுஸ் ஜெனரேற்றர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 250 மணித்தியாலத்துக்கு ஒருதரம் ஒயிலும் பில்டரும் மாற்றவேண்டும் என்று வைப்போம். மின்தடைக்காக மட்டும் நிற்கிற இயந்திரம். வாரம் ஒருதரம் அரை மணித்தியாலம் ஓட்டிப் பார்ப்பார்கள். வருடத்துக்கு 26 மணித்தியாலம். மணிக்கணக்கை மட்டும் நம்பினால் ஒயில் மாற்ற ஒன்பதரை வருடம் காத்திருக்கவேண்டும். அதனால்தான் 250 மணித்தியாலம் அல்லது 12 மாதம், எது முந்துகிறதோ அது என்று ஒரே பதிவில் வைக்கவேண்டும். இரண்டு பதிவாக வைத்தால் ஒரே ஒயிலுக்கு இரண்டு வேலைக் கட்டளை வரும். முந்துகிறதோ என்ற சொல்லுக்குள்ளும் முன் இருப்பதைப் பாருங்கள். 

அடுத்தது, வேலைக்குக் குறிக்கிற காலம், அதாவது தவணை: நிலையான தவணையா நகரும் தவணையா. நகரும் தவணை, கடைசியாக வேலை முடிந்த நாளிலிருந்து எண்ணும். வடிகானுக்கு மூன்று மாதம் என்று நகரும் தவணை வைக்கிறோம். செப்டெம்பர் 1ல் செய்யவேண்டியது 25ல் முடிந்தால் அடுத்தது டிசெம்பர் 25. திருகோணமலையில் அப்போது வடகீழ்ப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும். வடிகானுக்குள் இறங்கவே முடியாது. வடிகானுக்கு நாள் குறித்து வைக்கிற நிலையான தவணையே சரி: செப்டெம்பர் நடுவுக்குள் ஒன்று, மழை விட்டபிறகு மண் அள்ள ஒன்று. குளக்கட்டை அப்படி மழைக்கு முன் மட்டும் பார்த்துவிட்டு விடக்கூடாது. கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது 1986 ஏப்ரல் 20ல், பருவமழை ஓய்ந்த பிறகு. கட்டில் நீர்ப்பாரம் நிற்கிற மாதங்களிலும் கசிவு தேடவேண்டும். முன் என்பது மழைக்கு முன் அல்ல, பழுதுக்கு முன்.

தவணைக்கு இரு புறமும் பத்தில் ஒரு பங்கு விட்டுக்கொடுப்பது நடைமுறை. 30 நாள் வேலைக்கு மூன்று நாள், 90 நாள் வேலைக்கு ஒன்பது நாள். பார்வையிடுகிறவர் எண்ணவேண்டியது அதற்குள் முடிந்தவற்றை. இருபது வேலையில் பதினெட்டு முடிந்தது, ஆனால் காலத்துக்குள் முடிந்தது பதினொன்று என்றால் கணக்கு 55 வீதம். அறிக்கையில் 90 என்று போடுவார்கள்.

சரி, எந்தச் சொல்? வருமுன் காத்தல் என்பார் உண்டு. குறள் 435ல் "வருமுன்னர்க் காவாதான்" என்றே இருக்கிறது; தமிழ்நாட்டில் "வருமுன் காப்போம்" என்று மருத்துவத் திட்டமும் உண்டு. அழகுதான். ஆனால் காப்பது காவற்காரன் வேலை. பம்பைக் காவல் காத்தால் போதாது, கழற்றிக் கிறீஸ் வைக்கவேண்டும். முன்னெச்சரிக்கைப் பராமரிப்பு என்பது அதிர்வு, சூடு பார்த்து முடிவெடுக்கிற வேறு முறையோடு குழம்பும். அதைக் குறிகண்டு பேணல் என்று தனியாக வைக்கலாம். பட்டறையில் எல்லோரும் சேர்விஸ் என்கிறார்கள், சொல்லட்டும். ஆனால் பாலத்துக்குச் சேர்விஸ், மதகுக்குச் சேர்விஸ் என்று யாரும் சொல்வதில்லை.

முன்பேணல் என்று வையுங்கள். முன்பதிவும் முன்பணமும் எல்லோருக்கும் விளங்குகின்றன, இதுவும் விளங்கும். பேண் என்பது இங்கே செத்த சொல்லும் அல்ல. அலுவலகங்களில் பதிவேடு பேணுகிறோம், பேண்தகு அபிவிருத்தி என்று பலகை நடுகிறோம். பழுதான பிறகு செய்வது திருத்தவேலை. அதற்குப் புதுச்சொல் வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னும் இரண்டு முறைப்பாடு. "தேவைகள்" என்று எழுதினால் சாமான் பட்டியல் என்று நினைத்துக்கொள்வார்கள். அங்கே கேட்பது எந்த வேலை, எத்தனை நாளுக்கொருதரம் என்பது; தவணை என்ற சொல் அதற்கென்றே இருக்கிறது, பாடசாலையிலும் வழக்கிலும் அது குறித்த காலம்தான். அடுத்தது "மற்றும்". இரண்டு வினையைச் சேர்க்கத் தமிழுக்கு உம் போதும், சிலவேளை காற்புள்ளியே போதும்.

"முன்பேணல்: தவணை வைத்தல், பார்த்தல்" என்று மென்பொருளின் மெனுப் பட்டியில் போட்டால் கைத்தொலைபேசித் திரையிலும் முழுதாகத் தெரியும். இப்போதிருக்கிற வரி அங்கே "தடுப்புப் பரா..." என்று அறுந்து நிற்கிறது.