முள்ளெலிக்கு யார் காசு தருவது? தமிழக அரசின் வனவிலங்கு நிதி

புலி என்றால் பணத்துக்கு வழி தெளிவாக இருக்கிறது. புலிகள் காப்பகங்களில் ஒருமுறைச் செலவுகளுக்கு ஒன்றிய அரசு 60 சதவீதமும் மாநிலம் 40 சதவீதமும் போடுகின்றன, தொடர்செலவுகளைப் பாதிப்பாதி பிரித்துக்கொள்கின்றன. அழியும் நிலையில் உள்ள சில இனங்களுக்கும் ஒன்றிய அரசு தனிப் பட்டியல் போட்டு உதவுகிறது. வரையாடும் கடற்பசுவும் அதில் உண்டு.

பட்டியலுக்கு வெளியே இருக்கும் உயிர்கள்? அங்கேதான் மாநில அரசின் சொந்தப் பணம் வருகிறது. 2025-இல் தமிழக அரசு நான்கு உயிர்களுக்காக 1 கோடி ரூபாய் ஒதுக்கியது. சிங்கவால் குரங்குக்கு 48.5 லட்சம், முள்ளெலிக்கு 20.5 லட்சம், தலைக்குப் பின்னால் திமில் எழும்பியிருக்கும் காவிரிப் படுகை மகசீர் மீனுக்கு 16.5 லட்சம், கழுதைப்புலிக்கு 14.5 லட்சம்.

தொகை சின்னதுதான். 2022-இல் அறிவித்த வரையாடு திட்டத்துக்கு மட்டும் ஐந்து ஆண்டுக்கு 25.14 கோடி என்பதோடு வைத்துப் பார்த்தால் புரியும். ஆனாலும் முள்ளெலிக்கு என்று அரசு தனியாகக் காசு எடுத்து வைப்பதே பெரிய விஷயம் என்பேன். தென்மாவட்டங்களின் தேரிகள் என்னும் செம்மணல் மேடுகளிலும் புதர்க்காடுகளிலும் ராத்திரியில் பூச்சி தேடித் திரியும் பிராணி அது. ஆபத்து வந்தால் ஓடாது, பந்தாகச் சுருண்டுகொள்ளும். நரியிடம் பலிக்கும் இந்த வித்தை லாரிச் சக்கரத்திடம் பலிப்பதில்லை. போதாக்குறைக்கு, இருமலுக்கு மருந்து என்று முள்ளுக்காகப் பிடிப்பவர்களும் உண்டு. எங்கெங்கே எத்தனை மிச்சம் இருக்கின்றன என்று கணக்கெடுக்கவே முதலில் பணம் வேண்டும்.

சிங்கவால் குரங்கின் பிரச்சினை வேறு. வால்பாறைப் பக்கம் காடு துண்டு துண்டாகிவிட்டதால், மரத்தைவிட்டு அதிகம் இறங்காத குரங்கு ரோட்டைக் கடக்க இறங்குகிறது. சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டும் கயிற்றுப் பாலம் அங்கே நன்றாகவே பயன்படுகிறது.

சரி, இந்தப் பணத்துக்கு நாம் விண்ணப்பிக்க முடியுமா? முடியாது. இது வனத்துறை வழியாகச் செலவாகும் பணம். யானை வயலை மிதித்தால் கிடைக்கும் இழப்பீடு தனிக் கணக்கு, அதற்கு உங்கள் வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும்.

ஆனால் கணக்குக் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய் கட்டணத்தோடு வனத்துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ‘என்ன செய்தீர்கள்’ என்று பொதுவாகக் கேட்காமல், ஒதுக்கீட்டு அரசாணையின் நகல், விடுவித்த தொகை, பயன்பாட்டுச் சான்றிதழ் மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். மழுப்பலான பதில் வர வாய்ப்புக் குறையும்.