ஸ்டாஃப் ஆபீசர்: ‘பணியாளர்’ எங்கிருந்து வந்தார்?

போன மாதம் அக்கா வீட்டில் அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய ஓர் ஆவணத் தொடர் பார்த்துக்கொண்டிருந்தோம். கூடாரம், பெட்டி மேல் ஒரு மெழுகுவர்த்தி, குனிந்து எழுதும் இளைஞன். கீழே தமிழில் வரி ஓடியது: ‘இளம் பணியாளர் அதிகாரி முகாமில் கடிதம் எழுதுகிறார்.’ அக்கா மகன் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறான். “மாமா, அந்தக் காலத்துலயே ராணுவத்துல ஹெச்.ஆர். இருந்துச்சா?” என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. ஸ்டாஃப் ஆபீசரை இப்படிப் ‘பணியாளர் அதிகாரி’ ஆக்கியதை நான் பார்ப்பது இது மூன்றாவதோ நான்காவதோ முறை. இனியும் சும்மா இருந்தால் அகராதியிலேயே ஏறி உட்கார்ந்துவிடும்.

ஸ்டாஃப் என்றால் முதலில் வெறும் கோல். கைத்தடி. ஜெர்மன் மொழியில் அதற்கு இணையான சொல்லுக்கும் கோல் என்றுதான் பொருள். தளபதியின் கையில் இருக்கும் கோல் அதிகாரத்தின் அடையாளம் (நம் செங்கோல் மாதிரி). அப்புறம் அந்தத் தளபதியைச் சூழ்ந்து வேலை பார்க்கும் அதிகாரிகளுக்கே அந்தப் பெயர் வந்தது. பள்ளியிலும் ஆபீசிலும் வேலை செய்பவர்களை ஸ்டாஃப் என்பது அதற்கும் பிந்திய வழக்கு. ஆக, பணியாளர் என்று மொழிபெயர்ப்பவர் பேரன் பெயரைத் தாத்தாவுக்கு வைக்கிறார்.

சரி, அந்த இளைஞனுக்கு என்னதான் வேலை? வால்டர் டெய்லரை எடுத்துக்கொள்வோம். தென்தரப்புத் தளபதி ராபர்ட் லீயிடம் 1861-இல் சேர்ந்தபோது அவருக்கு வயது 22. லீக்கு வீடு பிடித்துத் தங்கும் வழக்கம் குறைவு. பெரும்பாலும் சில கூடாரங்கள்தான் அவருடைய தலைமையகம். லீக்குக் காகித வேலை என்றாலே ஆகாது. எந்தக் கடிதம் அவர் பார்வைக்குப் போக வேண்டும், எதற்குத் தானே பதில் எழுதிவிடலாம் என்று பிரிப்பது டெய்லர். ஒருநாள் அப்படிப் பொறுக்கி எடுத்துக் கொண்டுபோன காகிதங்களுக்கே லீ எரிச்சல்பட, டெய்லருக்கும் சுருக்கென்று கோபம் வந்து கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டார். நான் நிதானம் இழந்தால் அதற்காக நீயும் கோபப்படாதே என்று லீ தணிவாகச் சொன்னார். குமாஸ்தா தளபதி முன்னால் காகிதத்தை வீசிவிட்டு வேலையில் இருக்க முடியுமா? 1865 ஏப்ரல் 2-ஆம் தேதி இரவு படை பின்வாங்கிக்கொண்டிருந்தபோது, டெய்லர் லீயிடம் அனுமதி வாங்கித் தென்தரப்பின் தலைநகரான ரிச்மண்டுக்குள் போய், நள்ளிரவு தாண்டிக் கல்யாணத்தை முடித்துக்கொண்டு, திரும்ப வந்து படையோடு சேர்ந்துகொண்டார்.

எதிர்த்தரப்பான வடக்கில் கஸ்டர் என்ற இளம் அதிகாரி. 1862-இல் சிக்கஹாமினி ஆற்றின் ஆழம் தெரியவில்லை என்று பெரியவர்கள் கரையில் நின்று யோசிக்க, இவர் தண்ணீருக்குள் இறங்கி நடந்தே காட்டினார். தளபதி மெக்கிளெலன் அவரைத் தன் ஏ.டி.சி. (எய்ட்-டி-காம்ப், தளபதியின் பக்கத்திலேயே இருக்கும் உதவி அதிகாரி) ஆக்கிக்கொண்டார். இந்த வேலையில் சொந்தமாக ஆணையிட ஒரு பட்டாளம் கிடையாது. தளபதியின் வாயும் கண்ணும் சில நேரம் காலும் இவர்களே.

இதைப் ‘பணியாளர்’ என்றால் எதுவும் மிஞ்சாது. பணியாளர் என்பது சம்பளப் பட்டியலில் பெயர் உள்ள எல்லோருக்கும் பொது. ராணுவத் தலைமையின் அதிகாரிகள் குழுவான ஜெனரல் ஸ்டாஃபைப் ‘பொதுப் பணியாளர்கள்’ என்று எழுதியதையும் பார்த்திருக்கிறேன். படித்தால் பொதுப்பணித்துறையில் மடை திறக்கும் ஆட்கள்தான் கண்முன் வருகிறார்கள். சீஃப் ஆஃப் ஆர்மி ஸ்டாஃப், சீஃப் ஆஃப் டிஃபென்ஸ் ஸ்டாஃப் என்பவர்களை நம் நாளிதழ்கள் ராணுவத் தலைமைத் தளபதி, முப்படைத் தலைமைத் தளபதி என்று எழுதும்போது ஸ்டாஃபை அப்படியே விழுங்கிவிடுகின்றன. அது எவ்வளவோ மேல். பொருள் கெடவில்லை. தெரியாத சொல்லை விழுங்குவது தப்பாக மெல்லுவதைவிட நல்லது.

ஏ.டி.சி.க்கு ‘முகாம் உதவியாளர்’ என்று ஒரு கண்டுபிடிப்பு. இது இன்னும் மோசம். இலவசக் கண் சிகிச்சை முகாமில் டோக்கன் கொடுக்கும் பையன் நினைவுக்கு வருகிறான். அந்தப் பிரெஞ்சுச் சொல்லில் வரும் ‘காம்ப்’ போர்க்களத்தையும் சுட்டும். வேர் லத்தீனில் வெட்டவெளி, களம். போதாக்குறைக்கு முகாம் என்பதே அரபியிலிருந்து வந்தது. படை தங்கும் இடத்துக்குப் பாசறை, பாடி என்று சங்கப் பாட்டிலேயே சொல் இருக்கிறது. முல்லைப்பாட்டு முள்வேலி வளைத்த பாடியை வரி வரியாகக் காட்டுகிறது. பாசறையைக் கட்சிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், உண்மைதான். அதற்காக நாம் விட்டுக்கொடுக்க வேண்டுமா?

தனித்தமிழ்ப் பற்றுள்ள நண்பர் ஒருவர் ‘தண்டதிகாரி’ என்றார். யோசித்துப் பார்த்தால் அழகுதான். தண்டு என்றால் கோல். நிகண்டுகளில் படைக்கும் அதுவே பெயர். கல்வெட்டில் தண்டநாயகன் வருகிறான். கோலும் படையும் ஒரே சொல்லில்! ஆனால் தண்டநாயகன் படையை நடத்துபவன், ஸ்டாஃப் ஆபீசர் நடத்துபவரின் பக்கத்தில் இருப்பவர். தண்டம் வடசொல்லா தமிழ்ச்சொல்லா என்ற சண்டை வேறு. எல்லாவற்றுக்கும் மேலே, தண்டச்சோறு என்ற சொல் உயிரோடு இருக்கும் ஊரில் ஒருவரைத் தண்டதிகாரி என்று கூப்பிட முடியுமா? களத்தில் நனைந்துகொண்டு நின்ற சிப்பாய்கள் இவர்களை அந்த அர்த்தத்தில்தான் பார்த்தார்கள் என்பது வேறு கதை. நண்பர் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

என் தேர்வு பகட்டில்லாதது. ஸ்டாஃப் ஆபீசருக்குத் தலைமையக அதிகாரி. கட்டடம் நினைவுக்கு வருகிறது என்றால், போர்க்காலக் கதைகளில் தலைமைப் பாசறை அதிகாரி என்று நீட்டிக்கொள்ளலாம். ஏ.டி.சி.க்கு அணுக்க அதிகாரி. அரசனுக்கு நெருங்கி நின்று பணிசெய்தவரை அணுக்கன் என்று சொன்ன மொழி இது. புதிதாக எதையும் செய்ய வேண்டியதில்லை. அதிகாரி தமிழா என்று கேட்பவர்கள் அலுவலர் போட்டுக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ‘பணியாளர்’ மட்டும் வேண்டாம்.

மொழிபெயர்ப்பவர்கள் மேல் முழுப் பழியையும் போட மாட்டேன். வரிக்கு இத்தனை பைசா, நாளைக்குள் வேண்டும் என்றால் யார் வேர்ச்சொல் தேடுவார்கள்? இப்போது அந்தப் பைசாவும் மிச்சம் என்று எந்திரத்திடம் கொடுத்துவிட்டு, பார்வையிட ஒரு ஆள்கூட வைப்பதில்லை போலிருக்கிறது.

மறுநாள் அடுத்த பகுதியைப் போட்டோம். 1864 மே மாதம், ஆறு, வரிசையாக வடதரப்புப் படை. ‘பொது மானியம் ரப்பிடான் ஆற்றைக் கடந்தது’ என்று வந்தது. அக்கா மகன் என்னைப் பார்த்தான். ஜெனரல் கிராண்டைத்தான் சொல்கிறார்கள் என்று பிடிபட எனக்கே கொஞ்ச நேரம் ஆனது.