ஹேர்னியா ஒப்பரேஷனுக்குப் பிறகு ஒரு மாதம் படுக்கையா?

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் அறுபதைத் தாண்டிய ஒருவருக்கு ஹேர்னியா (வயிற்றுத் தசை பலவீனமான இடத்தால் குடல் பிதுங்கும் குடலிறக்கம்) ஒப்பரேஷன் என்றால், வீட்டில் முதலில் தயாராவது கட்டில். “ஒரு மாசம் அசையப்படாது” என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். தசையை இழுத்துத் தைத்த காலத்து அறிவுரை அது. தையல் எப்போதும் இழுபட்டே இருந்ததால் அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. 1980களில் அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் லிச்டென்ஸ்டைன், தசையை இழுக்காமல் பலவீனமான இடத்தின் மேல் பொலிபுரொப்பிலீன் வலையை விரித்துத் தைக்கும் முறையைப் பரவச் செய்தார். கவட்டு ஹேர்னியாவுக்கு இன்று வழக்கமானது அதுதான்.

தைத்த அன்றே வலை பாரம் தாங்கத் தொடங்கும். உடம்போடு ஒன்றாவதற்குத்தான் நாள் எடுக்கும். முதல் நாலைந்து நாள் வீக்கம். பிறகு வலைக் கண்களுக்குள் நார்த்திசு நுழைந்து பின்னிக்கொள்ளும். மூன்று வாரத்தில் காயத்துக்குப் பழைய உறுதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வரும். 80 சதவீதம் வர மூன்று மாதம் ஆகும். சீனி வருத்தமும் பீடியும் இதை இன்னும் தாமதமாக்கும்.

இந்த இடைக்காலத்தில் வலையைத் தள்ளுவது வயிற்றுக்குள் இருக்கும் அழுத்தம். சும்மா நிற்கும்போது அது ஏறத்தாழ 20 மி.மீ. இரசம், பலத்த இருமலில் 100ஐத் தாண்டும். வளவுக்குள் நடப்பதால் ஒன்றும் ஆகாது. இருமலும் முக்கலும்தான் கவனிக்க வேண்டியவை. இருமல் வந்தால் தலகணியைக் காயத்தின் மேல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து இருமவேண்டும். எழும்பும்போது நேரே நிமிரக்கூடாது. முழங்காலை மடித்து, பக்கவாட்டில் உருண்டு, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழும்பினால் வயிற்றுத் தசைக்கு வேலை குறைவு.

மலச்சிக்கலை லேசாக எடுக்கக்கூடாது. கோடீன் கலந்த வலி மாத்திரை, படுக்கை, குறைந்த தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் மூன்றாம் நாள் கல்லாக இறுகிவிடும். இதய, சிறுநீரக நோயால் தண்ணீர் மட்டுப்படுத்தப்படாதவர்கள் நாளுக்கு 8 டம்ளராவது குடிக்கவேண்டும். பப்பாசிப்பழம், வல்லாரை, முருங்கை இலை நல்லது. இரண்டு நாள் போகவில்லையென்றால் வைத்தியரிடம் கேட்டு லக்டுலோஸ் என்ற மலமிளக்கி மருந்தை எடுக்கலாம். குந்தும் கழிப்பறைக்குப் பதில் சில நாள் கொமட் கதிரை. புண்ணைக் கிளறும் கிரந்திச் சாப்பாடு என்று மீனையும் முட்டையையும் நிறுத்துவதைத்தான் ஏற்கமுடியாது. காயம் ஆறப் புரதம் வேண்டும்.

வயதான ஆண்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு. சலப்பைக்குக் கீழுள்ள புரஸ்டேட் சுரப்பி வீங்கியிருப்பவருக்கு முள்ளந்தண்டில் விறைப்பு ஊசியும் போட்டால் சலப்பை சுருங்க மறந்துவிடலாம். 6 முதல் 8 மணித்தியாலம் சலம் போகாவிட்டால், அடிவயிறு நோகும்வரை காத்திராமல் உடனே சொல்லவேண்டும். ஒரு குழாய் போட்டால் தீரும் விஷயம்.

இரண்டாம், மூன்றாம் நாள் விதைப்பை கருநீலமாக மாறினால் பலர் பதறுகிறார்கள். காயத்தில் கசிந்த இரத்தம் புவியீர்ப்பால் கீழே இறங்கியதுதான். சுருட்டிய துவாயை அடியில் வைத்து உயர்த்தினால் போதும். காயத்தடியில் நீர் கோத்து மேடு வந்தால் ஹேர்னியா திரும்பிவிட்டதாகத் தோன்றும். அநேகமாகச் சில வாரத்தில் தானே வற்றும். ஊசியால் குத்தவேண்டாம், அடுத்த கிளினிக்கில் காட்டினால் போதும்.

வலிக்கு பரசிட்டமோல் 500 மி.கி. இரண்டு மாத்திரை, 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 8க்கு மேல் வேண்டாம். 50 கிலோவுக்குக் குறைந்தவர்களும் ஈரல் நோயுள்ளவர்களும் அளவைக் கேட்டுக் குறைக்கவேண்டும். பார்மசியில் தானாக டைக்ளோபினாக் வலி மாத்திரை வாங்குவது வயதானவரின் சிறுநீரகத்துக்கு ஆபத்து.

காய்ச்சல், சீழ், பரவும் சிவப்பு, நிற்காத வாந்தி, உள்ளே போகாத கடினமான வீக்கம், கெண்டைக்கால் ஒருபக்கம் வீங்குதல் என்றால் அன்றே ஆஸ்பத்திரி. மூச்சு இளைத்தால் 1990 அம்புலன்ஸை அழைக்கவேண்டும்.

நடப்பதை ஒப்பரேஷன் செய்த அன்றே தொடங்கலாம். தொழுகையில் குனியும் ருகூஉவும் நெற்றியைத் தரையில் வைக்கும் சுஜூதும் வலித்தால் கதிரையில் இருந்து தொழலாம். சைக்கிள் இரண்டு, மூன்று வாரத்தில், வலியில்லாமல் காலைத் தூக்கமுடிந்தால். கிணற்றில் அள்ளுவதும் காஸ் சிலிண்டரும் 4 முதல் 6 வாரம் கழித்து. 60 கிலோ நெல் மூடையை ஆறு வாரத்துக்குப் பிறகும் வைத்தியரைக் கேட்காமல் தொடவேண்டாம். இரவு முழுக்க இருமுகிறவரும் முக்கிச் சலம் போகிறவரும் அதற்கு மருந்தெடுக்காவிட்டால், வலை வைத்த பக்கம் தாங்கினாலும் மற்றக் கவடு பிதுங்கலாம். காயம் காட்டப்போகும் கிளினிக்கிலேயே அதையும் சொல்லிவிட வேண்டும்.