சாமி படத்துக்குப் பின்னால் கிடந்த சம்மன்

மனை ஒருவருடையது, அதன் மேலுள்ள வீடு அதில் குடியிருப்பவர் கட்டியது என்ற நிலை பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைத் தெருக்களில் இன்றும் உண்டு. 2021-இல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்த பிறகு, இத்தகைய அடிமனைகளை மொத்தமாக வாங்கிப்போட்டு, வீடு வீடாகக் காலி செய்யச் சொல்பவர்கள் போடும் வழக்குகள் வழக்கறிஞரான என் மேசைக்கு அடிக்கடி வருகின்றன.

சென்ற ஆண்டு ஓர் அம்மா மஞ்சள் பையோடு வந்தார். மாமனார் காலத்து மனை வாடகை ரசீதுகள் ரப்பர் பேண்டு போட்டு ஒழுங்காக இருந்தன. சம்மன் மட்டும் சாமி படத்துக்குப் பின்னால் நாற்பத்தைந்து நாள் கிடந்திருந்தது. "வாடகைதான் கட்டுறோமே சார்னு இருந்துட்டேன்" என்றார். சொந்தச் செலவில் வீடு கட்டிய பழைய குத்தகைதாரர், தமக்குத் தேவையான குறைந்தபட்ச நிலத்தைத் தமக்கே விற்கும்படி நீதிமன்றத்தைக் கேட்க, 1921ஆம் ஆண்டின் நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு வழிசெய்கிறது. ஆனால் சம்மன் கிடைத்த ஒரு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். அந்த அம்மா இனிக் கட்டடத்துக்கான இழப்பீட்டுக்குத்தான் வாதாட முடியும்.

இப்படி வாங்கும் நிலத்தின் விலையோ, நீதிமன்ற உத்தரவுக்கு முந்தைய மூன்றாண்டுச் சந்தை மதிப்பின் சராசரி. வழக்கு இழுக்க இழுக்க அதுவும் ஏறும் என்பதைக் கட்சிக்காரர்களிடம் நான் மறைப்பதில்லை. கோயில் மனைகளுக்கு 1996 திருத்தத்துக்குப் பின் இந்தப் பாதுகாப்பு இல்லை என்பதால், மனை யார் பெயரில் இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

மனையை வாங்கியவரின் புரோக்கர் முதலில் தட்டுவது கடனில் இருக்கும் வீட்டின் கதவை. அங்கே அட்வான்ஸ் கொடுத்து, காலி செய்யச் சம்மதம் என்று ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால், அடுத்த வீடுகளில் அதைக் காட்டியே பேரம் பேசுவார். மனைக்காரர் வாடகையை வாங்க மறுத்துவிட்டு, பிறகு பாக்கி என்று வழக்கில் எழுதுவதும் உண்டு. அப்போது மணியார்டர் அனுப்பி, திரும்பி வந்த தாளைப் பத்திரப்படுத்த வேண்டும். பேனர் கட்டிக் கூட்டம் போடும் சங்கங்கள் இந்தத் தாள்களைச் சேர்ப்பதில் காட்டும் அக்கறை குறைவு என்பது என் மனத்தாங்கல்.

அந்த அம்மாவின் தெருவில் இப்போது இஸ்திரிக் கடையில் ஒரு நோட்டு தொங்குகிறது. யார் வீட்டுக்குச் சம்மன் வந்தாலும், அன்று மாலையே தேதியோடு அதில் எழுதுகிறார்கள்.