நடுத்தீர்ப்பு என்பதும் மத்தியஸ்தம் என்பதும்

பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான் வியாபாரம் செய்யும் ஒருவர், களஞ்சியக் குத்தகை ஒப்பந்தம் ஒன்றின் தமிழ்ப் படியைச் சரிபார்த்துத் தரும்படி என்னிடம் கொண்டு வந்திருந்தார். அதில் ஒரு வாசகம், 'இவ்வொப்பந்தத்திலிருந்து எழும் எந்தப் பிணக்கும் மத்தியஸ்தத்துக்கு விடப்படும்' என்று இருந்தது. பேசிப் பார்த்துச் சரிவராவிட்டால் எழும்பி வந்து கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்றே அவர் எண்ணியிருந்தார். தமிழ்ப் படியை மட்டும் வாசிக்கும் எவரும் அப்படித்தான் எண்ணுவர். ஆனால் ஆங்கில மூலத்தில் இருந்த சொல் ஆர்பிட்ரேஷன், அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே ஒருவரைக் கொண்டு பிணக்கைத் தீர்ப்பித்து அதற்குக் கட்டுப்படுவது. அதற்குக் கையொப்பமிட்டவர் அவ்வளவு எளிதாக எழும்பி வர முடியாது.

இலங்கைச் சட்டத் தமிழில் ஆர்பிட்ரேஷனுக்கு உரிய சொல் நடுத்தீர்ப்பு. 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தை நடுத்தீர்ப்புச் சட்டம் என்கிறோம். பிணக்கைக் கேட்டு முடிவு செய்பவர் நடுத்தீர்ப்பாளர். அச்சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, நடுத்தீர்ப்புக்கு உடன்பட்ட ஒருவர் அதே பிணக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றால், மற்றத் தரப்பு ஆட்சேபிக்கும் பட்சத்தில் அதைக் கேட்க நீதிமன்றத்துக்கு நியாயாதிக்கம் இல்லை. தீர்ப்பு வந்த பிறகு மேல் நீதிமன்றத்தில் அதை நிறைவேற்றுவிக்கலாம். அதை இரத்துச் செய்யக் கோருபவருக்கு 60 நாட்களே உண்டு. கோருவதற்கான காரணங்களும் சட்டத்தில் வரையறுக்கப்பட்டவை, 'தீர்ப்பு எனக்குப் பிடிக்கவில்லை' என்பது அவற்றுள் ஒன்றன்று.

சொல்லின் முற்பகுதியான 'நடு', இடத்தைக் குறிக்கும் அளவுக்கே நேர்மையையும் குறிக்கும். திருக்குறளின் 12ஆம் அதிகாரத்துக்கு நடுவுநிலைமை என்று பெயர். பட்டினப்பாலையோ, நீண்ட நுகத்தடியின் நடுவில் தைத்த ஆணியை உவமை காட்டி, காவிரிப்பூம்பட்டினத்து வணிகரை 'நடுவு நின்ற நன்னெஞ்சினோர்' என்கிறது. கொள்வதை மிகையாகக் கொள்ளாமல், கொடுப்பதைக் குறையாகக் கொடாமல் இருந்ததே அவர்களுடைய நடு. அந்தத் துறைமுகத்தில் வந்து குவிந்த பொருட்களில் 'ஈழத்து உணவும்' இருந்ததாக அதே பாட்டுச் சொல்வதால், நடு என்ற சொல்லுக்கும் நம் வணிகத்துக்கும் உள்ள உறவு நேற்று உண்டானதன்று எனலாம்.

சிக்கல் மற்றச் சொல்லில் தொடங்குகிறது. மத்தியஸ்தம் என்பது 'மத்ய' என்ற வடசொல்லும் நிற்றலைக் குறிக்கும் 'ஸ்த' என்பதும் சேர்ந்தது. மத்தியில் நிற்பவர் மத்தியஸ்தர். அதாவது வேரைப் பார்த்தால் நடுவரும் மத்தியஸ்தரும் ஒருவரே. ஒன்றின் தமிழாக்கம் மற்றது என்று சொன்னாலும் பிழையில்லை. ஆகையால் தூய தமிழில் எழுத விரும்பியவர் மத்தியஸ்தத்தை 'நடுவம்' ஆக்குவதும், எல்லோருக்கும் விளங்க எழுத விரும்பியவர் நடுத்தீர்ப்பை 'மத்தியஸ்தம்' ஆக்குவதும் நல்லெண்ணத்தோடு நடக்கின்றன. சட்டமோ இவ்விரண்டையும் வேறு வேறு வாசல்களில் நிறுத்தியிருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டான மத்தியஸ்த சபை இரு தரப்பையும் இருத்திப் பேசவைக்கும். இணங்கினால் இணக்கத்தை எழுதிக் கொடுக்கும். இணங்காவிட்டால் இணங்கவில்லை என்று சான்றிதழ் கொடுக்கும். யார் சரி என்று சொல்ல அதற்கு அதிகாரம் இல்லை. (1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இருந்தவை இணக்க சபைகள். முதியவர்கள் சிலர் இன்றைய சபையையும் அந்தப் பெயராலேயே சொல்வதுண்டு. அது பொருளுக்கு மிக நெருங்கிய பெயர் என்பது என் எண்ணம்.)

எனவே வேறுபாடு 'நடு'வில் இல்லை, 'தீர்ப்பு' என்பதில் இருக்கிறது. தீர்தலிலிருந்து தீர்வு வந்தது. தீர்த்தலிலிருந்து தீர்ப்பு வந்தது. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. பிணக்குத் தானே தீர்ந்தால் தீர்வு, ஒருவர் தீர்த்துவைத்தால் தீர்ப்பு. மத்தியஸ்தத்தில் கிடைப்பது தீர்வு, நடுத்தீர்ப்பில் கிடைப்பது தீர்ப்பு என்று ஒரே வேரின் இரு வடிவங்களால் சட்டத்தின் வேறுபாட்டை முழுமையாகச் சொல்லிவிடலாம். இரண்டையும் உள்ளடக்கிய பொதுப்பெயரை 'மாற்றுப் பிணக்குத் தீர்வு' என்று தீர்வில் முடித்ததும் பொருத்தமே.

தீர்ப்பின் வலு என்ன என்பதற்கு நம் நாட்டு வழக்கு ஒன்றே சான்று. மட்டக்களப்பில் இருந்த இறால் பண்ணை ஒன்று 1987 ஜனவரியில் படை நடவடிக்கையின்போது அழிந்தது. அதில் பங்கு வைத்திருந்த ஹொங்கொங் கம்பனி, பிரித்தானியாவோடு இலங்கை செய்திருந்த முதலீட்டு உடன்படிக்கையைக் காட்டி, 80 இலட்சம் டொலருக்கு மேல் கேட்டது. அரசு எதுவும் கொடுக்கவேண்டியதில்லை என்றது. 1990 ஜூனில் மூவர் கொண்ட நடுத்தீர்ப்பு நியாயசபை, ஒருவர் மாறுபட்ட கருத்தை எழுதிவைத்தபோதும், 4,60,000 டொலரும் வட்டியும் கொடுக்கும்படி தீர்த்தது. இரு தரப்பும் உடன்பட்டுச் சொன்ன தொகையன்று அது. ஒரு மத்தியஸ்தரால் அப்படியொரு தொகையைக் கட்டளையிட முடியாது.

தமிழ்நாட்டில் 'நடுவர்' என்றே எழுதுகிறார்கள். அங்கே குற்றவியல் நடுவர் என்றால் நாம் நீதவான் என்பவர். காவிரி நடுவர் மன்றமோ அரசு அமைத்த தீர்ப்பாயம், மாநிலங்கள் தமக்குள் ஒப்பந்தம் எழுதித் தெரிந்தெடுத்ததன்று. கிரிக்கெட்டுக்கும் நடுவர் உண்டு. இத்தனை சுமையைத் தாங்கும் சொல்லைவிட நம்முடைய நடுத்தீர்ப்பாளர் சற்று நீளமானாலும் திருத்தமானவர். ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான இலத்தீன் 'ஆர்பிட்டர்', சென்று பார்ப்பவர், சாட்சி என்ற பொருளில் தொடங்கித் தீர்ப்பவர் என்று மாறியது. தான் நினைத்தபடி முடிவெடுப்பதைக் குறிக்கும் 'ஆர்பிட்ரரி'யும் அதே வேரில் பிறந்ததே. நம் சொல்லில் அந்த எதேச்சை வாடை இல்லை. நடுத்தீர்ப்பாளர் வழங்கும் தீர்ப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான அவாட் என்பதை அகராதியில் முதலில் கண்டபடி 'விருது' என்று எழுதிய மொழிபெயர்ப்பையும் நான் கண்டிருக்கிறேன். தோற்றவருக்கு அந்த விருது எப்படி இனித்திருக்குமோ தெரியாது.

வியாபாரியின் படியில் 'மத்தியஸ்தத்துக்கு விடப்படும்' என்பதை வெட்டி, 'நடுத்தீர்ப்பு மூலம் இறுதியாகத் தீர்க்கப்படும்' என்று எழுதினேன். எத்தனை நடுத்தீர்ப்பாளர் என்று மூலத்தில் இல்லை; அப்படி இல்லாவிட்டால் சட்டப்படி மூவர் என்றேன். "மூன்று பேருக்கும் கட்டணம் நாங்களோ குடுக்கிறது?" என்று கேட்டார். இரு தரப்பும் சேர்ந்து என்றதும், ஒருவர் போதும் என்று எழுதச் சொல்லி உரிமையாளரிடமே கேட்டு வருவதாகப் படியை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.