பிளாஸ்டிசிட்டி: நெகிழ்வா, வனைமையா?

பக்கவாதத்தில் கை விழுந்தவரைப் பற்றிப் பேசும்போது மருத்துவர்கள் அடிக்கடி உச்சரிக்கும் சொல், நியூரோபிளாஸ்டிசிட்டி. பழக்கத்துக்கும் பாதிப்புக்கும் ஏற்ப மூளை தன்னை மாற்றி அமைத்துக்கொள்ளும் திறன் அது. தமிழில் இதை ‘மூளையின் நெகிழ்வுத்தன்மை’ என்று எழுதுகிறோம். கேட்க இதமான சொல்தான். ஆனால் கொஞ்சம் ஏமாற்றுகிறது.

பிளாஸ்டிக் என்றதும் நமக்கு வாளியும் கேரிபேக்கும் நினைவுக்கு வரும். தமிழ்நாட்டில் 2019-இல் வந்த பிளாஸ்டிக் தடைக்குப் பிறகு ‘நெகிழி’ என்ற சொல்லும் ஊரெல்லாம் பரவிவிட்டது. மூலச்சொல் அதைவிட மிகப் பழையது. கிரேக்கத்தில் ‘பிளாஸ்ஸெய்ன்’ என்றால் களிமண்ணைப் பிசைந்து உருக்கொடுப்பது. ‘பிளாஸ்டிகோஸ்’ அப்படி உருக்கொடுக்கத் தோதானது. பழக்கம் எப்படிப் படிகிறது என்று 1890-இல் எழுதிய அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ், பிளாஸ்டிசிட்டிக்கு நல்ல விளக்கம் தந்தார்: அழுத்தினால் இளகிக்கொடுக்க வேண்டும், ஆனால் ஒரேயடியாக இளகிவிடக் கூடாது. பதமாகப் பிசைந்த மண் அப்படித்தான் இருக்கும்.

சரி, நம் ‘நெகிழ்’ என்ன சொல்கிறது? தளர்வது, கழல்வது, உருகுவது. சங்கப் பாட்டில் தலைவியின் வளை நெகிழும். நமக்கு நெஞ்சு நெகிழும். பக்கவாதத்தில் துவண்டு தொங்கும் கைதான் நெகிழ்ந்த கை! இன்றைய வழக்கில் ‘நெகிழ்வு’ வளைந்துகொடுப்பதையும் குறிக்கிறது. வளைந்தது தானே நிமிரும் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். அது ரப்பரின் குணம். அதற்கு ‘மீட்சி’ என்று தனிச்சொல் இருக்கிறது.

மூளையில் நடப்பது வேறு. ரத்தம் கிடைக்காமல் செத்த செல்கள் திரும்பி வருவதில்லை. அக்கம்பக்கத்துப் பகுதிகள் அந்த வேலையைப் பழகிக்கொள்கின்றன, அதுவும் பழக்கினால்தான். 1996-இல் நரம்பியல் ஆய்வாளர் ராண்டல் நூடோ குழுவினர் அணில் குரங்குகளில் இதைக் காட்டினார்கள். மூளைப் பாதிப்புக்குப் பின் கைக்குப் பயிற்சி கொடுத்த குரங்குகளில், மூளையில் கைக்கான இடம் சுருங்காமல் நின்றது. பயன்படுத்தாத கையை மூளை ஒதுக்கிப் பழகுவதும் உண்டு. கோணலாக அழுத்தினால் மண் கோணலாகவும் நிற்கும்.

கையைத் திரும்பத் திரும்பப் பழக்க உதவும் ரோபோ கை இங்கேதான் வருகிறது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நெவில் ஹோகனும் ஹெர்மனோ இகோ கிரெப்ஸும் உருவாக்கிய ‘எம்.ஐ.டி. மேனஸ்’ மனித உருவமெல்லாம் இல்லை. மேசைமேல் ஒரு கைப்பிடி, எதிரே ஒரு திரை. நடுவே ஒரு புள்ளி, சுற்றி வட்டமாக எட்டுப் புள்ளிகள். நடுவிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுத் திரும்ப வேண்டும். கை நகர மறுத்தால் கருவி மெல்ல இழுத்துக் கொடுக்கும். நோயாளி தானே நகர்த்தினால் விட்டுக்கொடுக்கும். ஓர் அமர்வில் ஆயிரம் தடவைக்குமேல் கை போய்வரும். மனிதர் பிடித்துச் செய்யும் பயிற்சியில் அந்த எண்ணிக்கை நடக்கிற காரியமில்லை.

அதற்காகக் கருவியைக் கும்பிடவும் வேண்டாம். பிரிட்டனில் 770 பேரை வைத்து நடந்து 2019-இல் வெளியான ‘ராட்டுல்ஸ்’ ஆய்வில், வழக்கமான சிகிச்சையைவிட ரோபோ பயிற்சி கையின் செயல்திறனைக் கூட்டவில்லை. புள்ளியைத் தொடப் பழகிய கை, சட்டைப் பொத்தானைப் போடப் பழகியிருக்க வேண்டும் என்பதில்லையே.

அப்படியானால் தமிழில் என்ன சொல்லலாம்? ‘குழைமை’ பொருளுக்கு நெருக்கம். ஆனால் ‘மூளைக் குழைமை’ என்றால் தண்ணீர் கூடிப்போன சோறு கண்முன் வருகிறது. நான் ‘வனைமை’ என்பேன். பானை வனைவது போல, வனைய இடம்தரும் தன்மை. இது அகராதிச் சொல் அல்ல, என் யோசனை. நரம்புசெல் மட்டத்தில் பேசினால் ‘நரம்பு வனைமை’, மற்ற இடங்களில் ‘மூளை வனைமை’. நோயாளியின் வீட்டாரிடம் பேசும்போது சொல்லே வேண்டாம். “மூளை இன்னும் பச்சை மண்தான், தினமும் கையை வேலை வாங்குங்கள்” என்றால் புரிந்துவிடும்.