முயற்சியாண்மை: ஒரு சொல் வந்த வழி

‘ஆன்ட்ரப்ரனர்’ என்பதற்குத் தமிழ் என்ன என்று திருகோணமலையில் வணிகப் பாடம் படித்த ஒரு பிள்ளையிடம் கேட்டால், ‘முயற்சியாளர்’ என்று சட்டென்று பதில் வரும். சென்னையில் கேட்டால் ‘தொழில்முனைவோர்’ என்பார்கள். பண்பைக் குறிக்கும்போதும் இதே பிரிவுதான்: இங்கே முயற்சியாண்மை, அங்கே தொழில்முனைவு. எதை எங்கே எழுதலாம் என்று முடிவு செய்ய, மூலச் சொல் எதைச் சொன்னது என்று முதலில் பார்க்க வேண்டும்.

அது பிரெஞ்சுச் சொல். ‘ஆன்த்ர்’ என்றால் இடையே. ‘ப்ரான்த்ர்’ என்றால் எடுத்தல். இரண்டும் சேர்ந்து, ஒரு காரியத்தைக் கையில் எடுத்தல் என்றாகின்றன. கோட்டை, பாலம் போன்ற அரசு வேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்தவர்களை அந்தப் பெயரால் அழைத்தார்கள். ஜெர்மன் மொழியில் இதற்கு நிகரான ‘உன்டர்நேமர்’ என்பதில் இருப்பது ‘கீழ்’, ‘எடு’ என்ற இரண்டு சொற்கள். நாம் இதையே ‘மேற்கொள்’ என்கிறோம். மூன்று மொழிகளிலும் எடுத்தல் அல்லது கொள்ளல் இருக்கிறது. இலாபம் ஒன்றிலும் இல்லை.

பொருளாதாரத்துக்குள் இச்சொல்லைக் கொண்டுவந்தவர் அயர்லாந்தில் பிறந்து பாரிஸில் வங்கி நடத்திய ரிச்சர்ட் காந்திலியோன். அவர் இறந்து இருபத்தொரு ஆண்டுகள் கழித்து, 1755இல் அச்சான நூலில் அவர் தரும் வரையறை மிகத் தெளிவானது: தெரிந்த விலைக்கு வாங்கி, தெரியாத விலைக்கு விற்பவர். செலவு நிச்சயம், வரவு நிச்சயமில்லை. அந்த நிச்சயமின்மையைத் தன் தலையில் ஏற்றுக்கொள்பவர் எவரோ அவரே அந்த ஆள். கமக்காரரையும் கடைக்காரரையும் அவர் இந்த வகையில்தான் சேர்க்கிறார். மாதச் சம்பளக்காரரைச் சேர்க்கவில்லை.

இந்த வரையறையை நம் கரையோரத்தில் விளக்கப் புத்தகம் தேவையில்லை. கரைவலைச் சம்மாட்டியை, அதாவது கரையில் நின்று இழுக்கும் பெருவலையின் சொந்தக்காரரைப் பார்த்தால் போதும். வள்ளத்தில் வலையை ஏற்றிக்கொண்டு போய்க் கடலில் அரைவட்டமாக வளைத்து விடுகிறார்கள். கயிற்றின் இரண்டு நுனிகளும் கரையில். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று அம்பா என்ற வேலைப்பாட்டைப் பாடி இழுக்கிறார்கள். வலைக்கு என்ன செலவு, வள்ளத்துக்கு என்ன செலவு, ஆட்களுக்கு எவ்வளவு முற்பணம் கொடுத்தோம் என்பதெல்லாம் சம்மாட்டிக்குத் தெரியும். ஆனால் வலையின் பை போன்ற மடிக்குள் இருப்பது சூடை மீனா, வெறும் சொறியா (ஜெலி மீனா) என்பது மடி கரை ஏறினால்தான் தெரியும். வந்ததைப் பங்கு பிரிப்பார்கள். ஒன்றும் வராவிட்டால் அந்த நட்டத்தில் பெரும்பகுதி அவர் தலையில்தான். காந்திலியோன் சொன்ன ஆளுக்கு நம்மிடம் முன்பே ஒரு பெயர் இருந்திருக்கிறது. அது ஒரு தொழிலோடு நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

‘முதலாளி’ என்ற சொல் இதற்குப் பொருந்தாதா? பொருந்தாது. நம் ஊரில் கடை வைத்திருக்கும் எல்லோரும் முதலாளிதான். சிங்களத்திலும் அச்சொல் ‘முதலாலி’ என்று போய்ச் சேர்ந்து நிலைத்துவிட்டது. ஆனால் முதலாளி என்பவர் முதலை ஆள்பவர். முயற்சியாளரிடம் முதல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வங்கிக் கடனிலோ மைத்துனர் தந்த பணத்திலோ தொடங்கலாம். பணம் போட்டவர் வேறு, காரியத்தை மேற்கொண்டவர் வேறு என்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ழான் பத்தீஸ்த் சே என்ற பிரெஞ்சுப் பொருளியலாளர் பிரித்துக் காட்டினார். ‘முதல்’ என்பதை மூலதனம் என்ற பொருளில் திருக்குறளும் ஆள்கிறது: ‘ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை ஊக்கார் அறிவுடையார்’. வரப்போகும் இலாபத்தை நினைத்துக் கைமுதலை இழக்கிற வேலையில் அறிவுள்ளவர்கள் இறங்கமாட்டார்கள் என்கிறது. முயற்சியாளர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு துணிபவர் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் குறளைக் காட்ட வேண்டும்.

சரி, நம் இரண்டு சொற்களுக்கு வருவோம். முயற்சியாண்மையில் வரும் ‘ஆண்மை’ ஆண்பாலைக் குறிப்பதல்ல. ஆளுதல், தன் வசத்தில் வைத்து நடத்துதல் என்பதே அங்கு பொருள். வேளாண்மை, தாளாண்மை எல்லாம் அந்த வரிசை. கருவாடு போட்டு விற்கும் பெண்ணுக்கும் முயற்சியாண்மை முழுதாகப் பொருந்தும். ‘முனைவோர்’ என்பதோ ‘முனை’யிலிருந்து வருவது. முனைதல் என்றால் ஊக்கத்தோடு முற்படுதல். முதல்வன் என்ற பொருளில் ‘முனைவன்’ தொல்காப்பியத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் கலாநிதிப் பட்டம் பெற்றவரை ‘முனைவர்’ என்கிறார்கள். ஆக, ஆய்வு செய்து பட்டம் பெற்றவரும் தொழில் தொடங்குபவரும் அங்கே ஒரே அடிச்சொல்லில் நிற்கிறார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம். ஆளைக் குறிக்கத் ‘தொழில்முனைவோர்’ நல்லது, ஏனென்றால் முயற்சியாளர் என்றால் எந்த முயற்சி என்று கேட்க இடம் இருக்கிறது. பண்பைக் குறிக்க முயற்சியாண்மைக்கு ஈடில்லை. அதோடு ‘மனப்பாங்கு’ சேர்ந்தால், இப்போது எல்லோரும் பேசுகிற ‘மைண்ட்செட்’ கிடைத்துவிடும்.

ஆய்விலிருந்து தொழிலுக்குப் போகும் வழியில்தான் சொற்குழப்பம் அதிகம். கண்டுபிடிப்பு வேறு, புத்தாக்கம் வேறு. பொருளியலாளர் ஜோசப் சும்பீட்டர் 1911இல் எழுதிய நூலில் அழுத்திச் சொன்னது இதைத்தான்: புதிய பொருள், புதிய உற்பத்தி முறை, புதிய சந்தை, புதிய மூலப்பொருள், புதிய தொழில் அமைப்பு என்று எதையாவது நடைமுறைக்குக் கொண்டுவருபவரே முயற்சியாளர், அதை அவரே கண்டுபிடித்திருக்க வேண்டியதில்லை.

நம் திருகோணமலை மாவட்டத்திலேயே இதற்குப் பெரிய சான்று கிடக்கிறது. புல்மோட்டை மணலில் இல்மனைற்று, ரூட்டைல், சிர்க்கோன் என்ற மூன்று கனிமங்களும் உண்டு. அரசு கனிய மணல் கூட்டுத்தாபனம் 1957இல் அமைந்தது. அன்று தொடங்கிப் பெரும்பாலும் நடந்தது, பிரித்தெடுத்த கனிமத்தை அப்படியே கப்பலில் ஏற்றுவது. இல்மனைற்றிலிருந்து தைத்தேனியம் ஈரொட்சைட்டு எடுக்கலாம்; சுவருக்குப் பூசும் வெள்ளைப் பெயின்டின் வெண்மை அதுதான். அந்த வேதியியல் நூறாண்டுப் பழையது, பல்கலைக்கழகத்தில் படிப்பதும்கூட. ஆனால் சல்பேற்று முறையில் செய்தால் அமிலக் கழிவும் இரும்புச் சல்பேற்றும் பெருமளவில் மிஞ்சும். அதை எங்கே கொட்டுவது, மின்சாரம் என்ன விலை, யார் வாங்குவார், முதலுக்கு யார் பொறுப்பு? இவற்றுக்கு விடை தேடுவது வேதியியல் அல்ல, முயற்சியாண்மை. அறிவு இருந்தும் அதை மேற்கொள்ள ஆளில்லாமல் மணல் போகிறது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

சின்ன அளவிலும் இதே கதைதான். கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் வணிகக் கற்கைகள், பிரயோக விஞ்ஞானம், சித்த மருத்துவம் எல்லாம் படிப்பிக்கிறார்கள். அங்கே ஒரு மாணவி கருவாட்டுக்குச் சூரிய உலர்த்தி செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பொலித்தீன் கூரையின் கீழ் மீன் வேகமாகக் காய்கிறது, ஈ மொய்ப்பதில்லை, மாரியிலும் ஓரளவு சமாளிக்கலாம். ஆய்வறிக்கைக்கு இது போதும். தொழிலுக்குப் போதாது. மூதூரிலோ கிண்ணியாவிலோ கருவாடு போடும் ஓர் அக்காவிடம் போய், “இதை வாங்குவீங்களா?” என்று கேட்டால், “முற்பணம் தந்த யாவாரிக்குத்தானே பிள்ளை குடுக்கோணும், நல்லாக் காஞ்சாலும் அதே விலைதான்” என்று அவர் சொல்லக்கூடும். அப்போது தெரியும், குறை உலர்த்தியில் இல்லை, விற்கும் வழியில் என்று. உலர்த்தியை விற்பதை விட்டு, அந்தக் கருவாட்டையே தரம் பிரித்துப் பொதி செய்து நிலாவெளி ஹோட்டல்களுக்குக் கொடுப்பது அவளுக்கு நல்ல தொழிலாகலாம். வாங்குபவரிடம் முதலில் போய்க் கேட்பது, கேட்டதற்கேற்ப யோசனையை மாற்றுவது, இழந்தாலும் தாங்கக்கூடிய அளவு மட்டும் முதல் போடுவது: மனப்பாங்கு என்று நான் சொல்வது இந்தப் பழக்கங்களைத்தான். அப்புறம் இது பிறவிக் குணமல்ல, பழகினால் வரும்.

கடைசியாக ஆக்கவுரிமை, அதாவது கண்டுபிடிப்புக்குப் பெறும் ‘பேட்டன்ட்’. தமிழ்நாட்டில் ‘காப்புரிமை’ என்கிறார்கள், ஆனால் சிலர் நூல்களின் பதிப்புரிமையையும் அதே சொல்லால் எழுதுவதால் நம் சொல்தான் தெளிவு. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது 20 ஆண்டுகளுக்குக் கிடைக்கும். கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும், துறை அறிந்தவருக்கும் எளிதில் தோன்றாததாக இருக்க வேண்டும், தொழிலில் பயன்பட வேண்டும். விஞ்ஞானக் கோட்பாட்டுக்கோ கணித முறைக்கோ அது கிடையாது. முன்கூட்டியே வெளியே காட்டிவிட்டால் ‘புதியது’ என்பது கேள்விக்குள்ளாகலாம். ஆகவே கண்காட்சியில் வைக்கும் முன்பும், ஆய்விதழுக்கு அனுப்பும் முன்பும் புலமைச் சொத்து அலுவலகத்தில் ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.